காக்கா சின்னம்

சித்தப்பாவைத் தெருவே காக்கா என்றுதான் கூப்பிடும். நிறம் அப்படி. கூப்பிட்டால் சிரித்துக்கொண்டே திரும்புவார். அந்தப் பெயர் அவருக்குப் பிடிக்கும் என்றே நான் நம்பியிருந்தேன். திண்டுக்கல்லில் சுவர் விளம்பரம் எழுதுவது அவர் தொழில். தேர்தல் வந்துவிட்டால் மனிதர் வீடு தங்கமாட்டார், கட்சிச் சுவர்களோடுதான் குடித்தனம்.

எண்பதுகளின் கடைசியில் அப்படியொரு தேர்தலுக்குக் கொஞ்சம் முன்னால், பழைய பேப்பர் கடையிலிருந்து ஓர் இங்கிலீஷ் பத்திரிகையைப் படத்துக்காகத் தூக்கி வந்தார். அதில் ஒரு கறுப்பு இளைஞன். அவனுக்குப் பின்னால் கிறுக்கினாற்போல் பெரிய பெரிய ஓவியங்கள். அப்பா வாசித்துச் சொன்னார். அமெரிக்காக்காரனாம். தங்க இடமில்லாமல் அலைந்தவனாம், ஊர்ச் சுவரிலெல்லாம் எழுதிக்கொண்டு திரிந்தவனாம். இப்போது அவன் வரைந்ததை வாங்கப் பணக்காரர்கள் அடித்துக்கொள்கிறார்களாம்.

சித்தப்பா படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "சொவத்துல இவன் இஷ்டத்துக்கு எழுதுறப்ப எந்தக் கட்சிக்காரனும் அடிக்கலையாண்ணே?"

நானும் அந்தப் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இவ்வளவு பெரிய ஆளுக்கு ஒரு மூக்கைக்கூட ஒழுங்காக வரையத் தெரியவில்லையே என்பதுதான் என் கவலை.

கொஞ்ச நாளில், பஸ் ஸ்டாண்டு போகும் வழியில் ஒரு கட்சி வெள்ளையடித்துப் பிடித்து வைத்திருந்த நீளச் சுவரில் ஒரு காக்கா உட்கார்ந்திருந்தது. ஆள் உயரக் காக்கா. வாய் நிறையப் பல், ஒரு காலில் பெயின்ட் டப்பா. தலைவர் பெயர் எழுத வேண்டிய இடம் அது.

ஊருக்கு அது ஓவியமாகத் தெரியவில்லை. தேர்தல் நேரத்தில் சுவரில் பறவை இருந்தால் அது சின்னம்தானே? காக்கா சின்னத்தில் நிற்பது யார் என்று டீக்கடைகளில் ஒரே ஆராய்ச்சி. வேடசந்தூர் மில் முதலாளி என்றார்கள், சிறுமலை வாழைத்தோட்டக்காரர் என்றார்கள்.

மறுநாள் கட்சிக்காரர் ஒருவர் எங்கள் வாசலில் சைக்கிளைச் சாய்த்தார். "ஏலே, யாருகிட்டலே காசு வாங்குன? இது யாரு சின்னம்?"

"ஏஞ் சின்னந்தாண்ணே" என்றார் சித்தப்பா.

வந்தவர் சிரிக்கவில்லை. அதைச் சித்தப்பாவே அழித்துத் தலைவர் பெயரை எழுத வேண்டும், இல்லையென்றால் இந்த ஊரில் இனி அவருக்குச் சுவரே கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார். "அதும்மேல நான் சுண்ணாம்பு அடிக்க மாட்டேன்" என்று சித்தப்பா உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் வேறு ஆள் அடித்தான். அந்தத் தேர்தலில் அவருக்கு ஒரு சுவரும் கிடைக்கவில்லை. சோறு போடும்போதெல்லாம் அம்மா திட்டினாள்.

எனக்கோ பெருமை தாங்கவில்லை. சித்தப்பா தேர்தலில் நிற்கிறார்! வகுப்பில் ஒருத்தியையும் விடாமல் காக்காவுக்கு ஓட்டுக் கேட்டேன்.

ஓட்டுப் போட்டுவிட்டு வந்த அம்மாவை வாசலிலேயே மடக்கினேன். "காக்காவுக்குத்தானம்மா குத்துன?"

உள்ளே சித்தப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

"பின்ன? அதுக்குத்தான் குத்துனேன்."

சித்தப்பா தட்டை நகர்த்திவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. ஒரே ஓட்டுதான் விழுந்திருக்கிறதென்று அழுகிறார் போலும் என நினைத்துப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அப்பாவும் போட்டிருப்பாரு சித்தப்பா" என்றேன்.