இருபத்து நான்கு தக்கைகள்

தென்காசிக்கு மின்சாரம் வந்த புதிது. நானே பொருத்திய ஆம்ப்ளிஃபயருக்குப் பெட்டி வேண்டி, நெல் சேமிக்கும் பத்தாயம் செய்வதில் பேர்போன தச்சரிடம் போனேன். ஒரு காதில் பென்சில். மறு காதைப் பலகையில் வைத்துத் தட்டிப் பார்க்காமல் உளியைத் தொடமாட்டார்.

"உள்ளே வால்வு பல்பு மாதிரி எரிஞ்சு சுடும், அண்ணாச்சி. பின்பக்கம் இருபத்து நாலு துளை போடுங்க" என்றேன்.

"துளையா? என் பெட்டிக்குள்ள எறும்பு போச்சுன்னா ஊர்ல என்ன பேசுவாவ?"

கெஞ்சியபின் சம்மதித்தார். பெட்டி வந்தது. துளைகள் இருந்தன, ஒவ்வொன்றிலும் அளவாகச் செதுக்கிய ஒரு மரத்தக்கை.

"பாட்டு கேக்கையில உருவிக்கிடுங்க. முடிஞ்சதும் அடைச்சிரணும்."

பாட்டுப் பெட்டிக்குள் எறும்புக்கு என்ன வேலை என்று கேட்க அன்று தோன்றவில்லை. இன்றும் பாட்டு முடிந்ததும் இருபத்து நான்கையும் அடைக்கிறேன். அவர் பேர் என் கையில் அல்லவா இருக்கிறது!