நாய்க் கட்சியும் பிள்ளைக் கட்சியும்

கண்ணமங்கலத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்குப் பின்கட்டில் ஒரு சின்ன அறை உண்டு. அதில் என் கொழுந்தனார் இருந்தார். அவருடைய நாயும் அதே அறையில்தான் இருந்தது. முன்கட்டில் நான், என் கணவர், எங்கள் மூன்று பிள்ளைகள். இரண்டுக்கும் நடுவில் ஒரு முற்றம். எல்லாச் சண்டைக்கும் அந்த முற்றம்தான் இடம். காயவைத்த வற்றலை நாய் தின்றுவிட்டது என்று நான் சொல்வேன். நாயின் வாலில் பையன்கள் தகர டப்பாவைக் கட்டிவிட்டார்கள் என்று அவர் சொல்வார். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கும். என் கணவர் எதிலும் தலையிட மாட்டார். நாள் முழுக்க நெல் மில்லில் மிஷின் சத்தத்தில் நிற்பவர். வீட்டுச் சத்தம் அவர் காதில் விழுவதே இல்லை என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஒவ்வொரு காணும் பொங்கலுக்கும் நாங்கள் ஜவ்வாது மலைக்குப் போவோம். அடிவாரம் வரைக்கும் பஸ். அங்கிருந்து ஒற்றையடிப் பாதையில் நடை. பாதி மலைக்கு மேலே ஓர் ஓடை சமமான பாறைமேல் பரந்து ஓடும். அங்கே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடுவோம்.

முந்தின வருஷம் நாய் ஓடையில் முங்கி எழுந்து நேராக வந்து, திறந்து வைத்திருந்த தயிர்சாதத்துப் பக்கத்தில் நின்று உடம்பை உதறியது. இனிமேல் இந்த நாய் மலைக்கு வரக்கூடாது என்று அப்போதே சொல்லிவிட்டேன். கொழுந்தனார் கோபப்படவில்லை. சரி, அதே ஓடையில் தன் செருப்பு இரண்டையும் படகாக விட்ட பையன்களும் வரக்கூடாது, அன்றைக்கு மலை முழுக்க வெறுங்காலோடு இறங்கியது தான்தான் என்று சொன்னார். அது தை மாதத்தில் தொடங்கிய பேச்சு. மார்கழி வந்தும் முடியவில்லை.

எதிர் வீட்டு மாடியில் ஒரு கண்டக்டர் குடியிருந்தார். தனியார் பஸ்ஸில் வேலை. கல்யாணம் ஆகவில்லை. லீவு நாளிலும் விசில் கழுத்தில்தான் தொங்கும். மாட்டுப் பொங்கலன்று எங்கள் வீட்டு ரேடியோவில் பட்டிமன்றம் கேட்க வந்து உட்கார்ந்தார். அது முடிந்ததும் எங்கள் பட்டிமன்றம் ஆரம்பமாகிவிட்டது. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தவர், தானே வழி சொன்னார். நாளைக்குப் பிள்ளைகளும் வரட்டும், நாயும் வரட்டும். அடிவாரத்திலிருந்து யார் என்ன சேட்டை செய்கிறார்கள் என்று தான் பார்த்துக்கொண்டே வருவதாகச் சொன்னார். பாறைக்குப் போனதும் முறையாகப் பட்டிமன்றம் வைப்போம். மலைப்பாதையில் பெருந்தொல்லை பிள்ளைகளா, நாயா? தோற்ற கட்சி அடுத்த வருஷம் வீட்டில் இருக்க வேண்டும்.

நடுவர் யார் என்று கேட்டேன்.

“நான்தாம்மா. எனக்குக் கொயந்தையும் இல்ல, நாயும் இல்ல. மழைக்கு ஒதுங்குற பூனை கூட இல்ல. என்னாண்ட ஓரவஞ்சனை இருக்காது” என்றார்.

இரண்டு கட்சியும் ஒப்புக்கொண்டன. நான் பையன்களை உட்காரவைத்துப் பாடம் நடத்தினேன். வரிசையாக நடக்க வேண்டும், கல்லைத் தொடக்கூடாது, எதிரே வருகிறவர்களுக்கு வழிவிட வேண்டும். மூச்சு விடலாமா என்று சின்னவன் கேட்டான். பின்கட்டிலிருந்து அதே மாதிரி கண்டிப்பான குரல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். கொழுந்தனார் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நாய்க்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தார். அது சின்னவனைவிடப் பணிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை பஸ்ஸில் ஒரு குறையும் இல்லை. நாய் கடைசி சீட்டுக்கு அடியில் சுருண்டு படுத்துக்கொண்டது. நாய்க்கும் லக்கேஜ் டிக்கெட் போட்டாக வேண்டும் என்று அந்த பஸ் கண்டக்டரிடம் எங்கள் கண்டக்டர் பிடிவாதமாகக் கேட்டு வாங்கினார். ஐந்து வயது மகள் என் மடியில் இருந்தாள். நாய்க்கு டிக்கெட் உண்டு, தனக்கு மட்டும் ஏன் இல்லை என்று அடிவாரம் வரைக்கும் அழுதாள். அதையும் நடுவர் ஒரு குற்றமாக எடுத்துக்கொண்டார் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.

ஏற்றம் தொடங்கியதும் விசிலும் தொடங்கியது. புளி உலுக்கும் காலம் என்பதால் மலைக்காரர்கள் கூடை கூடையாகப் புளியைத் தலையில் வைத்து இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். முதல் கூடையைப் பார்த்ததுமே நாய் குரைத்த குரைப்பு எதிர்மலையில் மோதித் திரும்பி வந்தது. விசில். அடுத்த திருப்பத்தில் நெல்லிமரம். பெரியவன் கல்லைத் தொடவில்லை. என் சொல்லுக்குக் கட்டுப்பட்டு ஒரு கட்டையை எடுத்து வீசினான். நெல்லிக்காய் விழவில்லை. கட்டை மட்டும் நடுவரின் தோளில் விழுந்தது. அவர் வலியைப் பொறுத்துக்கொண்டு விசில் அடித்தார். பிறகு நாய் எதன்மேலோ புரண்டு வந்து என் கணவரின் வெள்ளை வேட்டியில் உரசியது. சின்னவன் எறும்புப் புற்றுக்குள் குச்சி விட்டுவிட்டு, எறும்பு ஏறியதும் அந்தப் பாதையிலேயே கால்சட்டையைக் கழற்றிப் போட்டு ஓடினான். விசில் ஓயவில்லை.

கூடையோடு இறங்கி வந்த ஒரு மலைக்காரர் ஒதுங்கி நின்று எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். கடைசியில் என் கணவரிடம், “இன்னாங்க, மேல வரைக்கும் பஸ் உட்டுட்டாங்களா?” என்று கேட்டார். கேலியாகக் கேட்டாரா, நிஜமாகவே கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என் கணவர் இல்லை என்று தலையாட்டிவிட்டு வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நடந்தார்.

பாதை ஒரு பள்ளத்தின் ஓரமாக வளையும் இடத்தில் மகள் நின்றாள். ஒரு பொருள் அடிவரை போய் விழ எவ்வளவு நேரம் ஆகும் என்று அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கையில் வேறு எதுவும் இல்லாததால் ஒரு செருப்பைக் கழற்றிப் போட்டாள். சத்தம் கேட்பதற்குள் நாய் கயிற்றை உருவிக்கொண்டு பள்ளத்தில் பாய்ந்துவிட்டது. கொழுந்தனாரின் முகம் வெளுத்தது. நாங்கள் எல்லோரும் ஓரத்தில் நின்று கூப்பிட்டோம். கீழே புதர் அசைவது மட்டும் தெரிந்தது. ரொம்ப நேரம் கழித்து நாய் வாயில் எதையோ கவ்விக்கொண்டு மூச்சிரைக்க ஏறி வந்தது. மகளின் காலடியில் அதைப் போட்டுவிட்டு வாலை ஆட்டியது. யாரோ ஓர் ஆளுடைய டயர் செருப்பு அது. எத்தனை மழை நனைந்ததோ, ஓரமெல்லாம் பாசி பிடித்திருந்தது.

மகள் அதில் காலை விட்டுப் பார்த்தாள். சரியாக இருக்கிறது என்றாள்.

நடுவர் விசிலை வாயில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். எறிந்தது பிள்ளை, தப்பான செருப்பைக் கொண்டுவந்தது நாய். யார் பெயரில் அடிப்பது என்று அவருக்குப் புரியவில்லை. அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கக்கூடாது என்று வாயை முந்தானையால் மூடினேன். கொழுந்தனார் என்னைப் பார்த்துவிட்டார். அவரும் சிரித்தார். அந்த ஒரு வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகச் சிரித்தது அப்போதுதான்.

பாதையெல்லாம் முள். வெறுங்காலோடு மகளை நடக்கவிட முடியாது. என் கணவர் கையில் சாப்பாட்டு அடுக்கு இருந்தது. என்னால் அவளைச் சுமந்து ஏற முடியாது. கொழுந்தனார் குனிந்து அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டார். நாயின் கயிற்றை என்னிடம் நீட்டினார். வேண்டாவெறுப்பாக வாங்கிக்கொண்டேன்.

அதற்கப்புறம் நடந்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை. அந்த ஏற்றத்தில் நான் எப்போதும் பத்தடிக்கு ஒருதரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பவள். அன்றைக்கு நாய் முன்னால் இழுக்க, நான் பின்னால் கிட்டத்தட்ட மிதந்துகொண்டு போனேன். நான் களைத்து நின்றால் அதுவும் நின்று திரும்பிப் பார்த்தது. போகலாம் என்றால் போனது. என் வீட்டில் நான் சொல்லி ஒரே தடவையில் கேட்ட ஜீவன் அதற்குமுன் கிடையாது. பின்னாலிருந்து மகளின் குரல் வந்துகொண்டே இருந்தது. சித்தப்பாவின் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பாட்டையெல்லாம் பாடினாள். மேகம் எந்த ஊரில் தூங்கும் என்று கேட்டாள். அவர் யோசித்து யோசித்துப் பதில் சொன்னார். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

பாறையில் உட்கார்ந்து புளிசாதத்தையும் வடையையும் பிரித்தோம். சாப்பிட்டு முடித்ததும் நடுவர் எழுந்து ஓர் உயரமான கல்லின்மேல் நின்று பட்டிமன்றத்தைத் தொடங்கிவைத்தார். பிள்ளைக் கட்சி முதலில் பேச வேண்டும் என்றார். முந்தின ராத்திரியெல்லாம் மனத்துக்குள் தயாரித்து வைத்திருந்ததையெல்லாம் சொல்லத்தான் எழுந்தேன். ஆனால் வாயைத் திறந்ததும் அந்த ஏற்றத்தைப் பற்றித்தான் பேச்சு வந்தது. சொன்னால் கேட்கிறது, கேள்வி கேட்பதில்லை, நம்மை மேலே இழுத்துக்கொண்டு போகிறது, எறிந்ததை எடுத்துவர உயிரைக் கொடுத்து ஓடுகிறது என்று அடுக்கிக்கொண்டே போனேன். கொழுந்தனார் எழுந்து, நாயோடு எத்தனையோ தரம் இந்த மலை ஏறியிருக்கிறேன், ஒருநாளும் அது எனக்குப் பாட்டுப் பாடியதில்லை என்றார். பிள்ளை தோளில் இருந்தால் கனம் தெரியவில்லை, பிள்ளைகள் இல்லாமல் மலை ஏறுவது சும்மா நடப்பதுதான் என்றார்.

நடுவர் நீளமாக விசில் ஊதினார்.

“ஒரு நிமிஷம். யாரு எந்தக் கட்சி? எனக்கே கொழம்புது” என்றார்.

கட்சியைச் சரிசெய்ய ஆரம்பித்தோம். நான் நாய்க்கு எதிரி என்று கொழுந்தனார் சொல்ல, எப்போது சொன்னேன் என்று நான் கேட்க, பேச்சு சூடாகிவிட்டது. என் கணவர்தான் முதலில் கவனித்தார். பேச்சை நிறுத்தாமலே இருந்த எங்களிடம் வந்து, பையன்களைக் காணோம், நாயையும் காணோம் என்று சொன்னார்.

மகள் மட்டும் என் பக்கத்தில் வடை தின்றுகொண்டிருந்தாள். அவளைக் கேட்டதற்கு மேலே கை காட்டினாள். ஓடையைத் தாண்டி எல்லோரும் ஏறினோம். யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. மரக்கிளையைத் தடியால் தட்டும் சத்தமும், அதன் நடுவே சின்னவனின் சிரிப்பும் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

புல் வேய்ந்த வீடு ஒன்று. பக்கத்தில் பெரிய புளியமரம். மேலே ஒரு மனிதர் கிளைகளைத் தட்டிக்கொண்டிருந்தார். கீழே அவர் மனைவியும் எங்கள் பையன்கள் இருவரும் புளியம்பழம் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நாய் வாசலில் படுத்திருந்தது. அந்த வீட்டு நாயின் குட்டிகள் அதன் முதுகில் ஏறிச் சறுக்கி விளையாடின. அது அசையவே இல்லை.

அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் இடுப்பில் கை வைத்து நிமிர்ந்து, “இருக்கட்டும்மா. பசங்க நல்லா பொறுக்குறானுங்க” என்றார். எங்களுக்கு மோர் கொடுத்தார். பிறகு நாயைக் காட்டி, காலையிலிருந்து இதன் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம் என்றார். சாமைக் கொல்லையில் காட்டுப்பன்றி புகுந்து பயிரை அழிக்கிறதாம். தங்கள் நாய் பன்றியைக் கண்டால் வீட்டுக்குள் ஓடிவந்துவிடுமாம்.

“இந்த நாயை எங்க வூட்ல உட்டுட்டுப் போங்களேன். நல்லா வெச்சிக்கிறோம்” என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருந்தது, யாரும் கேட்காமலே வந்து நின்றது. கொழுந்தனார் மோர்ச் செம்பைப் பிடித்தபடி நின்றார். அவர் வாயைத் திறப்பதற்குள் என் வாய் திறந்துவிட்டது.

“அது எங்க வூட்டு நாய்ங்க. குடுக்க முடியாது.”

கொழுந்தனார் மெதுவாக, “அண்ணி, அது வத்தல் திங்குமே” என்றார்.

“எங்க வூட்டு வத்தலைத்தான திங்குது” என்றேன்.

அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தார். அப்படியானால் நீங்களாவது ஒன்று கொண்டு போங்கள் என்று ஒரு குட்டியைத் தூக்கினார். எங்கள் எல்லோர் கையிலும் ஏதாவது இருந்தது. வெறுங்கையோடு நின்றவர் நடுவர் மட்டும்தான். குட்டியை அவர் கையில் வைத்துவிட்டார். சூடான பாத்திரத்தைப் பிடித்தவர் மாதிரி நின்றார் அவர். குட்டி அவர் சட்டையை நனைத்தது. அப்போதும் கீழே விடவில்லை. அதன் நெற்றியில் ஒரு விரலை வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார்.

இறங்கும்போது தீர்ப்பு என்ன ஆயிற்று என்று பெரியவன் கேட்டான். குட்டியைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்து நடந்துகொண்டிருந்த கண்டக்டர், “நானும் இப்போ கட்சிக்காரன் ஆயிட்டேன்டா. தீர்ப்பு சொல்ல எனக்கு யோக்கியதை இல்ல” என்றார்.

மகள் சித்தப்பாவின் தலைமேல் கன்னத்தை வைத்துத் தூங்கிவிட்டாள். பையன்கள் வாய் நிறையப் புளி. இறக்கத்தில் நாய் என்னை இழுக்கவில்லை, என் நடைக்குப் பக்கத்திலேயே வந்தது. சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது. கீழே நெல் வயல்களில் சாயங்கால வெயில் மஞ்சளாகக் கிடந்தது. இதற்கு இன்னும் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டுமே என்று யாரிடம் என்றில்லாமல் சொன்னேன்.

“ஏன் காத்துனு இருக்கணும்? சித்திரையில வரலாம்” என்றார் என் கணவர்.

சித்திரையில் போனோம்.