சேற்றில் தூங்கிய குண்டு

அலுவலகத்தில் அவளுக்கு மூக்கம்மா என்று பெயர். அவளுடைய மூக்கு அப்படியொன்றும் எடுப்பானது அல்ல. பீரங்கிக் குண்டின் மூக்கில் திருகப்படும் பியூஸை வடிவமைப்பது அவள் வேலை, அதனால் வந்த பெயர். வீட்டில் கரண்டு போனால் மாற்றுகிற பியூஸ் அல்ல இது. குண்டு எப்போது வெடிக்க வேண்டும், எப்போது வெடிக்கவே கூடாது என்று முடிவு செய்கிற, உள்ளங்கைக்குள் அடங்கும் சாமான்.

அவளைப் படிக்க வைத்தது அண்ணன். பொக்லைன் ஓட்டுகிறவர். வாளியின் நுனியால் முட்டையைக்கூட உடையாமல் எடுத்துக் காட்டுவேன் என்று பந்தயம் கட்டுகிற ஆள். கட்டி ஜெயித்தும் இருக்கிறார். அப்பா போன பிறகு அவர்தான் வீட்டைத் தூக்கி நிறுத்தினார். கல்யாணம் செய்துகொண்டு, மாடியில் ஒரு அறை கட்டி, "இது பாப்பாவுக்கு" என்று சாவியைக் கொடுத்தார். தங்கை கல்யாணம் வேண்டாம் என்றபோது அண்ணி மட்டும் கொஞ்ச நாள் முணுமுணுத்தாள். அண்ணன் தங்கை பக்கம் நின்றார். டீக்கடையில் யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், "என் தங்கச்சி பீரங்கிக்கு மூக்கு வரையிறா" என்பார்.

பீரங்கிக் குண்டுத் தொழிற்சாலையின் வடிவமைப்புப் பிரிவு ஒரு நீளமான கூடம். ஜன்னல்களுக்கு எப்போதும் திரை. சுவரோரமாக, நீளவாக்கில் அறுத்து உள்பாகங்களுக்கு வண்ணம் அடித்த மாதிரிக் குண்டுகள், பள்ளிக்கூடத்து எலும்புக்கூடு போல நின்றன. அவற்றில் ஒன்றின் வயிற்றில் யாரோ பேனாக்களைச் செருகி வைத்திருந்தார்கள்.

அவள் வேலைக்குச் சேர்ந்தபோது பழைய பியூஸுக்குக் கெட்ட பெயர். எப்போதாவது ஒரு குண்டு பீரங்கிக் குழலுக்குள்ளேயே வெடித்துவிடும். அப்படி வெடித்த ஒரு பீரங்கியைப் பார்த்துவரச் சொல்லி அவளை அனுப்பினார்கள். குழல் வாழைப்பழத் தோல் போல விரிந்து கிடந்தது. பக்கத்தில் ஒரு ஜோடி பூட்ஸ். அதை எடுத்து ஓரமாக வைக்கக்கூட யாருக்கும் கை வரவில்லை.

அதன் பிறகு வருஷக்கணக்கில் அந்த ஒரு வேலையிலேயே கிடந்தாள். சுடுவதற்கு முன் எவ்வளவு குலுங்கினாலும் தட்டினாலும் மசியாத பியூஸ். குழலைத் தாண்டிப் பறந்து, கெட்டியான எதிலாவது மோதினால்தான் கண் விழிக்கும். சோதனைத் திடலில் அது அச்சுப் பிசகாமல் வேலை செய்தது. ஒரே ஒரு குறை. மழை பெய்து ஊறிய மண்ணில் விழுந்தால் சில குண்டுகள் புதைந்து அப்படியே கிடந்தன. திடல் மேற்பார்வையாளர் போனில் சிரித்தார்: "மூக்கம்மா, உங்க பிள்ளைங்க சேத்துல தூங்குதுங்க." அவளும் சிரித்தாள்.

கூட்டத்தில் பிரிவுத் தலைவர் விஷயத்தை நேராகவே கேட்டார். நம் ஆள் கையில் வெடிப்பது வேண்டுமா, எங்கோ சேற்றில் வெடிக்காமல் கிடப்பது வேண்டுமா? இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் எல்லோருக்கும் தோன்றியது. அவளுக்கும். அதன் பிறகு ஒரு பீரங்கிக் குழல்கூட வெடிக்கவில்லை. எத்தனையோ வீடுகளில் மகனும் புருஷனும் முழுதாகத் திரும்பி வந்தார்கள். இதை நினைத்து அவள் பெருமைப்பட்டாள், அதில் தப்பும் இல்லை.

ஊர் வளர்ந்து அந்தச் சோதனைத் திடலின் வேலி வரை வந்தது. திடலை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, நிலத்தை வீடு கட்டக் கொடுத்தார்கள். நிலத்தைச் சலித்துச் சுத்தம் செய்தாகிவிட்டது என்று தொழிற்சாலையே சான்று தந்தது. அங்கே அஸ்திவாரம் தோண்டும் வேலை அண்ணனுக்குக் கிடைத்தது.

"அந்த இடமா அண்ணே?" என்று கேட்டாள்.

"சுத்தம் பண்ணிட்டோம்னு உங்க ஆளுங்கதான் போர்டு வெச்சிருக்காங்க. உங்களையே நம்பலைன்னா யாரைப் பாப்பா நம்புறது?"

நியாயம்தானே என்று விட்டுவிட்டாள். மழைக்காலம். இளகிக் கிடந்த மண்ணில் வாளி எதையோ இடித்தது. கல் என்று நினைத்து அண்ணன் இன்னொரு முறை இடித்திருக்கிறார். முன்கண்ணாடி முழுவதும் முகத்தில் வந்து இறங்கியது. உயிர் பிழைத்தது. இரண்டு கண்களும் போயின.

அவள் போய்ச் சேர்ந்தபோது ஆஸ்பத்திரி நடையில் அண்ணி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அண்ணனின் சாப்பாட்டு டப்பா. போலீஸ்காரர் ஒருவர் பிளாஸ்டிக் பையில் ஒரு இரும்புத் துண்டைக் காட்டி, இது என்னவென்று தெரியுமா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். வளைந்து கருகியிருந்தாலும் விளிம்பில் மூன்று வரிப்பள்ளங்கள் தெளிவாகத் தெரிந்தன. அப்படி மூன்று வரி அவள் வரைந்த பியூஸில் மட்டும்தான் உண்டு. அவள் முகம் போன போக்கை அண்ணி பார்த்துவிட்டாள்.

"உன்னோடதா?"

"என்னோடதுதான் அண்ணி."

அண்ணி அழவில்லை, திட்டவில்லை. பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் சாப்பாட்டு டப்பாவை எடுத்து வைத்தாள். அங்கே உட்காரப் போனவள் நின்றபடியே இருந்தாள்.

விசாரணை நடந்தது. பிரிவுத் தலைவர் அவளைத் தனியே கூப்பிட்டு, ரொம்பத் தன்மையாகத்தான் பேசினார். கேட்ட தேவைப்படிதான் பியூஸ் செய்யப்பட்டது என்று மட்டும் சொன்னால் போதும், அது பொய்யும் இல்லை, மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றார். அவள் சரி என்று தலையாட்டினாள். ஆனால் விசாரணை அறையில், கறுப்புக் கண்ணாடி போட்டு அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அண்ணனைப் பார்த்ததும் நாக்கு வேறு பக்கம் திரும்பியது.

"ஈர மண்ணுல விழுந்தா சிலது வெடிக்காது. அது எங்களுக்கு முதல்லயே தெரியும். தெரிஞ்சுதான் செஞ்சோம். அந்த நிலம் மழையில ஊறுற நிலம்."

அறையில் இருந்த யாரும் அவளை மறுக்கவில்லை. எழுதிக்கொண்டார்கள். தீர்ப்பு வந்தபோது, ஓட்டுநர் அனுமதித்ததைவிட ஆழமாகத் தோண்டியதே காரணம் என்று இருந்தது. அஸ்திவாரத்தைப் பிறகு மேலாகவா போடுவார்கள் என்று அண்ணன் கேட்டாராம். அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

அவளைப் பொட்டலப் பிரிவுக்கு மாற்றினார்கள். குண்டுகளை அடுக்கும் மரப்பெட்டிக்கு எங்கெங்கே ஆணி, எங்கே கைப்பிடி என்று வரைகிற வேலை. கேன்டீனில் அவளோடு ஒரே மேஜையில் சாப்பிட்டவர்களுக்குத் திடீரென்று வேறு மேஜைகள் பிடித்துப்போயின. வீட்டில் இன்னும் மோசம். மாடிப்படி முன்னறை வழியாகத்தான். அவள் காலடி கேட்டதும் அண்ணன் பேச்சை நிறுத்திவிடுவார். ஒருநாள் அவர் தம்ளரைத் தேடி மேஜைமேல் கையால் துழாவிக்கொண்டிருந்தார். அவள் ஓடிப்போய் அதைக் கையில் வைத்தாள். யார் கை என்று தெரிந்ததும் குடிக்காமலே கீழே வைத்துவிட்டார்.

இப்படியே ஒரு வருஷம் போனது. பிறகு ஒருநாள் பிரிவுத் தலைவர் அவள் மேஜையைத் தேடி வந்தார், கையில் இரண்டு டீயோடு.

"நீ அன்னைக்கு விசாரணையில சொன்னதை மேலிடத்துல படிச்சிருக்காங்கம்மா. சேத்துலயும் வெடிக்கிற மாதிரி ஒண்ணு வேணுமாம். நாங்க கேட்டா இதுக்கான பணம் பத்து வருஷத்துக்கும் கிடைச்சிருக்காது. உன் ஒரு வார்த்தையில கிடைச்சிருச்சு. உன்னை விட்டா இதைச் செய்ய யார் இருக்கா?"

முடியாது என்று சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் ஆணிக்கு இடம் குறித்துக் குறித்து மனசு மரத்துப்போயிருந்தது. எல்லாக் குண்டும் விழுந்த இடத்திலேயே வெடித்துவிட்டால் மண்ணுக்குள் எதுவும் மிச்சமிருக்காது, இன்னொரு பொக்லைன்காரருக்குக் கண் போகாது என்றும் ஒரு பக்கம் தோன்றியது. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் மாடிக்குப் போகாமல் முன்னறையிலேயே நின்றாள். விஷயத்தைச் சொன்னாள். மண்ணுக்குள் இனி எதுவும் தங்காது என்பதை இரண்டு தரம் சொன்னாள். "உனக்கு வந்தது இனி யாருக்கும் வரக்கூடாது அண்ணே, அதுக்காகத்தான்."

அண்ணன் அவள் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"பாப்பா, குண்டு விழும்போது அந்தச் சேத்துல யாரு நிப்பா?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை.

"எவனோ ஒருத்தன் நிப்பான்ல? உன் பழைய மூக்கு வெடிக்காததால இத்தனை நாள் பொழைச்சு வீட்டுக்குப் போனவன். அவனுக்கும் ஒரு தங்கச்சி இருக்கும்." மூச்சு வாங்கிக்கொண்டார். "போய்ச் செய். நீ செய்யலைன்னா வேற எவனாவது செய்யத்தான் போறான். எனக்காகச் செஞ்சேன்னு மட்டும் எங்கயும் சொல்லாதே."

அவள் போய்ச் செய்தாள். நன்றாகவே செய்தாள். சோதனை நாளன்று புதுத் திடலில் தண்ணீர் விட்டு, ஆள் இடுப்பளவுக்குச் சேறாக்கி வைத்திருந்தார்கள். சுட்டதில் ஒன்றுகூடத் தூங்கவில்லை. சேறு பனைமர உயரத்துக்கு எழும்பி மழையாகக் கொட்டியது. எல்லோரும் கைதட்டினார்கள். மேற்பார்வையாளர் ஓடிவந்து கையைக் குலுக்கினார். அவள் கண் மட்டும் சேறு எழும்பிய இடத்திலேயே இருந்தது.

அடுத்த வாரம் தொழிற்சாலைப் பக்கம் ஒரு அறை பார்த்துக்கொண்டு மாடியைக் காலி செய்தாள். அண்ணன் உள்ளறையில் இருந்தார், வெளியே வரவில்லை. வாசலில் நின்ற அண்ணி சாமான் வண்டியைப் பார்த்தபடி, "எல்லாத்தையும் எடுத்துக்கிட்டியா? எதையும் விட்டுட்டுப் போயிடாதே" என்றாள்.

எல்லாம் எடுத்துக்கொண்டேன் என்று சொல்லிவிட்டு அவள் வண்டியில் ஏறினாள்.