ஆளுக்கொரு டெம்ப்

சிஸ்டம் சார் அன்று மேனேஜர் அறையில் இரண்டு கணினிகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் ஒரே சொல்லைத் தட்டினார். ஒன்றை லேப் பெண்ணின் பெயரில் திறந்திருந்தார், மற்றதைப் பம்ப் ஹவுஸின் பெயரில். இரண்டிலும் ‘டெம்ப்’ என்ற ஒரே ஃபோல்டர்தான். லேப் பெண்ணின் திரையில் ‘டேங்க்’ என்று ஒரு ஃபைல் தெரிந்தது. பம்ப் ஹவுஸ் திரையில் ஒன்றுமே இல்லை. வெளியே ஆம்புலன்ஸ் அப்போதுதான் கேட்டைத் தாண்டியிருந்தது. அதில் போனவருக்கு உயிர் இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். மேனேஜர் இரண்டு திரைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “இதுல எது உண்மை?” என்று கேட்டார். “ரெண்டும் உண்மைதான் சார்” என்றார் சிஸ்டம் சார்.

ஆம்பூர் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் நான் ஏற்றுமதிக் காகித வேலை பார்க்கிறேன். கம்பெனியின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம் சாருக்கும் எனக்கும் ஒரே அறை. வாலாஜாவிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். பேச்சு கம்மி, சிடுசிடுப்பு ஜாஸ்தி. என் பாஸ்வேர்டில் என் மகன் பெயர் இருப்பதைக் கண்டுபிடித்து, “மேடம், உங்க பையன் பேரு இந்த ஊருக்கே தெரியும், வேற யோசிங்க” என்று மாதம் தவறாமல் மானத்தை வாங்குவார். ஆனால் ஒரு விஷயத்தில் அவரைப்போல் ஒருவரை நான் பார்த்ததில்லை. கம்பெனியின் எல்லாக் கணினிகளையும் திறக்கிற அதிகாரம் அவர் ஒருவரிடம்தான் இருந்தது. யாருடைய ஃபைலையும் அவர் திறந்து படித்ததில்லை. சம்பளப் பட்டியலை எட்டிப் பார்த்து எனக்கு மட்டும் சொல்லுங்கள் என்று ஒரு நாள் விளையாட்டாகக் கேட்டேன். “சாவி கையில இருக்குதுன்னு அடுத்தவங்க வூட்ல பூந்து பாப்பாங்களா?” என்று சொன்னவர், அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை.

எங்களிடம் செருப்பு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் ஆட்கள் வருடாவருடம் சோதனைக்கு வருவார்கள். அந்த வருடம் தோலையும் தண்ணீரையும் பார்த்ததோடு விடாமல் கணினிகளையும் குடைந்தார்கள். எங்களுக்கு இருந்தது ஒரே சர்வர். லினக்ஸ் போட்டது. மேசைகளில் இருந்த கணினிகளெல்லாம் அதற்குப் போகும் வாசல்கள்தான். அந்த சர்வரில் டெம்ப் என்று ஒரு பொது இடம் உண்டு. எந்த வேலை செய்தாலும் அதன் அரைகுறைக் காகிதங்கள் கொஞ்ச நேரம் அங்கே கிடக்கும், பிறகு அழிந்துவிடும். பொது இடம் என்பதால் நான் பாதி அடித்த விலைப்பட்டியலை ஸ்டோர்ஸில் இருப்பவர் நினைத்தால் படிக்கலாம். அதைவிட மோசம், என் ஃபைலின் பெயரிலேயே ஒரு போலியை முன்கூட்டி வைத்து என் வேலையை வேறெங்கோ திருப்பிவிடவும் முடியுமாம். அதைப் பூட்டச் சொன்னார்கள். சிஸ்டம் சார் ஒரு சின்ன ஃபைலில் ஒரே ஒரு வரி சேர்த்தார். அதன்பிறகு உள்ளே நுழையும் ஒவ்வொருவருக்கும் தனித்தனி டெம்ப். “பேரு ஒண்ணுதான் மேடம். நீங்க டெம்ப்னு தட்டினா உங்க ரூம் தொறக்கும், ஸ்டோர்ஸ்காரர் தட்டினா அவரு ரூம். பக்கத்துல இன்னொரு ரூம் இருக்கறதே தெரியாது” என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. என் விலைகளை இனி எவனும் பார்க்க முடியாது என்று சந்தோஷப்பட்டேன். இதை மறைப்பானேன்.

மாற்றுவதற்கு முன் ஒரு காலையில் பிரிவுக்கு ஒருவரைக் கூப்பிட்டு விளக்கினார். மேனேஜரும் இருந்தார். கடைசியில் சிஸ்டம் சார், “டெம்ப்ல யாராவது பொதுவா எதனா வெச்சிக்கினு இருக்கீங்களா? ஒருத்தர் போட்டு இன்னொருத்தர் பாக்கற மாதிரி? இருந்தா இப்பவே சொல்லிடுங்க, வேற எடம் பண்ணித் தர்றேன்” என்று கேட்டார். லேப் பெண் மேனேஜரைப் பார்த்தாள். பம்ப் ஹவுஸ் அண்ணன் தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டார். மேனேஜர்தான் பதில் சொன்னார். “அப்படி ஒண்ணும் இல்ல, நீங்க உங்க வேலயப் பண்ணுங்க.” கூட்டம் கலைந்தது. அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று அப்போது எனக்குத் தெரியாது, சிஸ்டம் சாருக்கும் தெரியாது.

விஷயம் இதுதான். தோல் கழுவிய தண்ணீரெல்லாம் போய்ச் சேரும் மூடிய தொட்டி ஒன்று பின்பக்கம் உண்டு. அதில் சில நாள் விஷ வாயு ஏறும். லேப் பெண் காலையில் மீட்டரை இறக்கி அளப்பாள். அரசு ஆட்கள் பார்க்கும் பதிவில் அந்த எண் எப்போதும் பூஜ்யமாகவே இருக்கவேண்டும் என்பது எழுதாத உத்தரவு. பூஜ்யம் இல்லை என்று எழுதினால் வேலையை நிறுத்தவேண்டும், வெளியிலிருந்து இயந்திரத்தோடு ஆள் வரவழைக்கவேண்டும், கேள்விக்கு மேல் கேள்வி வரும். அதற்காகத் தொட்டியில் இறங்குகிறவனைச் சாகவிட முடியுமா? எனவே ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. வாயு ஏறிய நாளில் அவள் டெம்ப்பில் ‘டேங்க்’ என்று ஒரு ஃபைல் போடுவாள். தொட்டித் தண்ணீரை இறைக்கும் பம்ப் ஹவுஸில் இருப்பவர்கள் அதைப் பார்த்தால் அடைப்பெடுக்க இறங்கமாட்டார்கள். ஃபைல் இல்லையென்றால் இறங்கலாம். டெம்ப் தானாகவே அழிந்துவிடும் இடம் என்பதால் மேலிடத்துக்கும் அது வசதியாக இருந்தது. நிரந்தரமான இடத்தில் பொய்யும், அழிந்துபோகிற இடத்தில் உண்மையும் இருந்தன.

மேனேஜரே ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டதால், தங்கள் ஃபைலுக்கு எதுவும் ஆகாது என்று இரண்டு பக்கமும் நம்பியிருந்தார்கள். மாற்றம் வந்த பிறகு கொஞ்ச நாள் வாயு ஏறவில்லை. அவளும் ஃபைல் போடவில்லை, அவர்களும் பார்க்கவில்லை. எல்லாம் சரியாக நடப்பதுபோலவே இருந்தது. பிறகு ஒரு காலை அவள் அளந்தாள், எண் ஏறியிருந்தது. ஃபைலைப் போட்டாள். போட்டது இருக்கிறதா என்று திறந்தும் பார்த்தாள், இருந்தது. அவள் அறையில் அது இருக்கத்தானே செய்யும். பத்து மணிவாக்கில் பம்ப் இழுக்காமல் நின்றுவிட்டது. அடியில் ஜவ்வும் மயிரும் அடைத்திருக்கும். பம்ப் ஹவுஸ் அண்ணன் கணினியில் டெம்ப்பைத் திறந்து பார்த்தார், காலியாக இருந்தது. “ஒண்ணும் இல்லடா, ஏணி எடு” என்று சொல்லிவிட்டு இறங்கியிருக்கிறார். பாதி ஏணியிலேயே கை விட்டுப் போயிற்று என்று மேலே நின்றவன் சொன்னான்.

அந்த அண்ணன் மத்தியானங்களில் எங்கள் அறைக்கு வருவார். கதவை லேசாகத் திறந்து, “இன்னாமா, அஞ்சு நிமிசம் உங்க ஏசியில உக்காந்துக்கட்டா? நாத்தம் ஜாஸ்தியா இருந்தா சொல்லிடும்மா, போய்ட்றேன்” என்பார். சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் வருவார். அப்படியும் அந்த வாடை போகாது என்று அவருக்குத் தெரியும். நான் ஒருநாளும் சொன்னதில்லை. சிஸ்டம் சார், அப்பேர்ப்பட்ட சிடுமூஞ்சி, தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே வேலை செய்வார்.

அடக்கம் முடிந்த மறுநாள் மேனேஜர் எங்கள் அறைக்கு வந்தார். நான் இருந்ததை அவர் பொருட்படுத்தவில்லை. “பழையபடி மாத்திடுங்க” என்றார். சிஸ்டம் சார் எழுந்து நின்றார். “பழையபடி வேணாம் சார். லேப்புக்கும் பம்ப் ஹவுசுக்கும் பொதுவா ஒரு ஃபோல்டர் போட்டுத் தர்றேன். ரெண்டு பேரும் பாக்கலாம். தேதியோட நிக்கும், யாரும் அழிக்க முடியாது” என்றார். மேனேஜர் அவரைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். “அழியலன்னா எப்படிப்பா?” என்று மட்டும் கேட்டார். குரலை உயர்த்தவில்லை. இத்தனை வருடத்தில் அந்தக் கம்பெனியில் நான் கேட்டதிலேயே கொடூரமான கேள்வி அதுதான். ஆனால் வேலை வேண்டுமே, குனிந்து என் காகிதங்களைப் பார்த்தேன்.

சிஸ்டம் சார் மாற்றவில்லை. கம்பெனி தானே நடத்திய விசாரணையில், கணினியில் செய்த மாற்றத்தால் தகவல் போய்ச் சேரவில்லை என்று முடித்தார்கள். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். தொட்டியைப் பற்றியோ பூஜ்யத்தைப் பற்றியோ அதில் பேச்சே இல்லை. லேப் பெண் வாயைத் திறக்கவில்லை. அவள் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும், அவளைத் திட்ட மனம் வரவில்லை. சிஸ்டம் சார் தன் மேசையில் இருந்த டீ கிளாஸையும் ஒரு ஸ்க்ரூ டிரைவரையும் எடுத்துக்கொண்டு வேலையை விட்டுப் போனார். என்னிடம் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

சென்ற மாதம் வாலாஜாவில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது தேடிப் போய்ப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஹால் டிக்கெட் எடுத்துக் கொடுக்கிறார். முடி முழுக்க நரைத்துவிட்டது. நாற்காலி போட்டு உட்கார வைத்து, டீ வரவழைத்து, நான் எதுவும் கேட்கும் முன்பே, “நான் கேட்டனே மேடம். எல்லார் முன்னாலயும் கேட்டனே” என்றார். “ஆமா சார், கேட்டீங்க. நான் இருந்தேன்” என்றேன். “ஒரே ஒரு தடவ அந்த ஃபைலைத் தொறந்து படிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். படிக்கக் கூடாதுன்னு இருந்துட்டேன்” என்றார். நல்லவனாக இருந்ததற்காக ஒரு மனிதன் இப்படி நொந்துபோவதைப் பார்ப்பது பெரிய தண்டனை. டீ கிளாஸை வாங்கி வைத்துவிட்டு, “வாயு கணக்க இப்ப எங்க போட்றாங்க?” என்று கேட்டார். பம்ப் ஹவுஸ் கதவில் சாக்பீஸால் எழுதுகிறார்கள் என்றேன். “அது தேவல. எல்லார் கண்ணுக்கும் ஒண்ணுதானே தெரியும்” என்றார். அவர் முகம் சற்றுத் தெளிந்தது. மீதியை நான் சொல்லவில்லை.

அந்த மீதி இதுதான். பம்ப் ஹவுஸ் அண்ணனின் மனைவிக்குக் கம்பெனி கருணை அடிப்படையில் வேலை கொடுத்தது. பின்பக்கம் பெருக்கித் துடைக்கிற வேலை. சோதனைக்கு வரும் அரசு வண்டி நெடுஞ்சாலையிலிருந்து எங்கள் பக்கம் திரும்பினால் கேட்டிலிருந்து போன் வரும். மேஸ்திரி அந்த அம்மாவைக் கூப்பிட்டு, “கதவத் தொடச்சிடும்மா” என்பார். போன வாரம் நான் அங்கே ஒரு வேலையாகப் போயிருந்தபோது அப்படி ஒரு போன் வந்தது. அந்த அம்மா ஈரத்துணியோடு கதவுக்கு முன்னால் நின்று, எழுதியிருந்த எண்ணை உள்ளே இருந்த ஆண்களுக்குக் கேட்கும்படி உரக்கப் படித்தார். “கேட்டுச்சா?” என்றார். ஒருவன் கேட்டது என்றான். இன்னொருவன் எதுவும் சொல்லவில்லை. அவனும் கேட்டதென்று சொல்லும்வரை நின்றுவிட்டு, பிறகு துடைத்தார்.