வெள்ளையம்மாள் பயந்த வரி

கணவர் ராஜமாணிக்கத்தின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே வெள்ளையம்மாள் வங்கிக்குப் போய், இருவர் பேரிலும் இருந்த கணக்கைக் காலி செய்துவிட்டாள். அவள் குடியிருந்த செங்கம் சாலையில் செய்தி பரவ ஒரு மணி நேரம் ஆகவில்லை. இரண்டாம் தாரம் என்பதால் யாரும் காரணம் கேட்கவில்லை. காரணம் கேட்காமல் முடிவுக்கு வருவதில் நாம் எல்லோருமே தேர்ந்தவர்கள்.

அன்று சாயங்காலமே, முதல் தாரத்து மகள் வினோதினி வேங்கிக்காலிலிருந்து ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள்.

"அப்பா போயி இருபது நாள்கூட ஆகல. அதுக்குள்ள என்ன அவசரம் உங்களுக்கு?"

வெள்ளையம்மாள் அரிசி டிரம்முக்குள் கையை விட்டு இரண்டு துணிப்பைகளை எடுத்து வைத்தாள்.

"பாதி உன்னுது. கவர்மெண்டு புடுங்கறதுக்குள்ள எடுத்துட்டேன்."

"எந்த கவர்மெண்டு?"

"மாடி ரூம்ல வாடகைக்கு இருக்காரே வெள்ளைக்காரரு, அவரு சொன்னாரு. அவங்கம்மா செத்தப்ப, ஒரு வரம்புக்கு மேல இருந்த சொத்துல நூத்துக்கு நாப்பது வரியா பூடுச்சாம். அந்தம்மாவும் என்னாட்டம் ரெண்டாங் கல்யாணம். மொத புருஷன் செத்தப்ப அவருக்குண்டான வரியில்லாத வரம்பு மிச்சம் இருந்துச்சாம், அதையும் சேத்துக்கினதால கொஞ்சம் தப்பிச்சுதாம். என் மொத வீட்டுக்காரரு பேர்ல ஒரு காயிதம்கூட இல்லியே, நான் எங்க போவேன்?"

வினோதினிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"சித்தி, அது அவங்க ஊரு சட்டம். நம்ம ஊர்ல செத்தவங்க சொத்து கைமாறுறதுக்கு வரியே கெடையாது."

"கம்மியாகூடவா இல்ல?"

"ஒத்த பைசா இல்ல."

"அப்ப அந்தாளுக்கு நாளைலேர்ந்து இட்லிக்கு சட்னி கெடையாது!"

வெள்ளையம்மாளைப் புகழ எனக்குத் தயக்கம்தான். வங்கியிலேயே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மகளுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். ஆனால் பயம் வந்தால் மனிதர்கள் தமக்கென்றுதான் பதுக்குவார்கள். இவள் பயத்திலும் இரண்டு பைகள் தைத்திருந்தாள்.

வினோதினி தன் பையைத் தொடவில்லை. திங்கட்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு, சித்தியை இரண்டு பைகளோடும் ஸ்கூட்டியின் பின்னால் உட்கார வைத்து வங்கிக்குப் போனாள். இருவர் பேரிலும் புதிய கணக்கு. ஒருவர் போனால் மற்றவருக்கு என்ற வரியை அவளே சத்தமாகப் படித்துக் காட்டினாள்.

கையெழுத்துப் போட்டுவிட்டு வெள்ளையம்மாள் பேனாவை நீட்டினாள்.

"எனக்கு முன்னாடி நீ போயிடாதடி. இன்னொரு வாட்டி வந்து காலி பண்ண எனக்குத் தெம்பில்ல."

"சரி சித்தி. நீ மொதல்ல அந்த மனுஷனுக்கு சட்னி குடு."