தேர் திரும்பும் அகலம்

எஸ்தரைப் பெண் பார்க்கப் போனபோது அந்தோணி தலையை நிமிர்த்தவே இல்லை. பையன் எவ்வளவு அடக்கம் என்று எஸ்தர் வீட்டார் பூரித்துப்போனார்கள். அவன் பார்த்துக்கொண்டிருந்தது அவர்கள் வீட்டு சிமெண்டுத் தரையை. வாசற்படிப் பக்கம் வாட்டம் சரியில்லை, கழுவிவிட்ட தண்ணீர் வெளியே போகாமல் வீட்டுக்குள்ளேயே திரும்பிவரும் என்பது அவன் கவலை. கல்யாணம் முடிந்து மறுவீடு போனதும் முதல் வேலையாக அந்தத் தரையை உடைத்துச் சரிசெய்து கொடுத்தான். மாமியாருக்கு அப்போதுதான் லேசாகச் சந்தேகம் தட்டியது. ஆனால் தாலி கட்டி முடிந்துவிட்டது.

அவனுக்குத் தொழில் கல் பதிப்பது. பேவர் பிளாக் என்கிறோமே, அந்தக் கல். காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை வாசல், கல்யாண மண்டபம், கார் நிறுத்துகிற இடம் என்று அவன் கை படாத பாதை குறைவு. வெளியூர்க்காரர்கள் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடக்கிற ஊரில் இவன் குனிந்தே பிழைத்தான். சேலை எடுக்க வருகிறவர்கள் கடை போர்டைப் பார்ப்பார்கள், இவன் அவர்கள் கால் எங்கே படுகிறது என்று பார்ப்பான். காலமெல்லாம் அடுத்தவர் கழனிச் சேற்றில் நின்ற அவன் அப்பாவுக்கு, மகன் சேற்றை மூடுகிற தொழிலுக்குப் போனதில் ஏகத் திருப்தி. சாகும்வரை யாரைப் பார்த்தாலும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வாலாஜாபாத் போகிற சாலையில் இறங்கி உள்ளே நடந்தால் அவர்கள் ஊர், புதுத்தோப்பு. நடுவில் மாதா கோயில். கோயிலுக்கு முன்னால் பெரிய தெரு. கோயிலுக்குப் பின்னால் கொஞ்சம் பொட்டல், அதையும் தாண்டி அந்தோணி இருக்கிற கீழண்டைத் தெரு. எந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள், யார் நிலத்தில் யார் வேலை செய்தார்கள் என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. தமிழ்நாட்டில் பிறந்தவர்களுக்கு அதைச் சொல்லவேண்டிய அவசியமும் இல்லை.

வருஷா வருஷம் திருவிழாவில் மாதா தேர் பெரிய தெருவைச் சுற்றும். கீழண்டைத் தெருவுக்கு வராது. ஏன் வராது என்று கேட்டால் திருவிழாக் கமிட்டிச் செயலாளர் இன்னாசிமுத்து மிகவும் வருத்தப்படுவார். அரிசி மண்டி வைத்திருக்கிறவர், நல்ல குரல். "உங்க தெருவுக்கு வர்ற சந்து குறுகல்பா. தேர் நுழையாது. எங்களுக்கு மட்டும் ஆசை இல்லையா?" என்பார். அதைச் சொல்லும்போது அவர் கண் கலங்குவதைக்கூடப் பார்த்திருக்கிறார்கள். கீழண்டைத் தெருக்காரர்கள் சந்து முனையில் மெழுகுவத்தி ஏற்றிவைத்துக்கொண்டு, தூரத்தில் விளக்குகள் போவதைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். "திருவிழா வரி கேக்கறதுக்கு மட்டும் நாலு பேரு ஜோடி போட்டுக்கினு அதே சந்துல வர்றாங்க," என்று பக்கத்து வீட்டு மரியம்மாள் சத்தமாகவே சொல்வாள்.

அது சாக்கு என்று தெருவில் எல்லாருக்கும் தெரியும். அந்தோணிக்குத் தெரியாது. குறுகல் என்று ஒருவர் சொன்னால் அது அவனுக்கு ஓர் அளவு. அளவு என்றால் டேப் போட்டுப் பார்க்கலாம், சரிசெய்யலாம். அந்தத் தெருவிலேயே இன்னாசிமுத்துவின் வார்த்தையை முழுசாக நம்பிய ஒரே மனிதன் அவன்தான்.

இந்த நிலையில்தான் புதிதாக வந்த ஃபாதருக்கு ஒரு யோசனை தோன்றியது. கோயிலுக்குப் பின்னால் வேலிகாத்தான் முள் மண்டிக் கிடக்கிற பொட்டலைச் சுத்தம் செய்து, கீழண்டைத் தெருவில் வீட்டுக்கு ஒரு பாத்தி கொடுத்தால் என்ன? கன்னியாஸ்திரிகள் சங்கம் ஒன்று செலவை ஏற்றுக்கொண்டது. பொக்லைன் வந்து முள்ளைப் பிடுங்கிப் போட்டது. கோயில் பின்சுவரிலிருந்து கீழண்டைத் தெரு வரைக்கும் நிலம் பளிச்சென்று தெரிந்தது. தன் பேருக்கென்று மண் கிடைப்பது எஸ்தருக்கு அதுதான் முதல் தடவை. என்ன விதைப்பது என்று அவள் ஒரு வாரம் தூங்கவில்லை. கீரை, கத்தரி, வெண்டை, மிளகாய் என்று மனசுக்குள்ளேயே நட்டு, மனசுக்குள்ளேயே பறித்து, குழம்பும் வைத்துவிட்டாள்.

"பாத்திக்கு நடுவுல நடைபாதை நீயே போட்டுக் குடுத்துடுப்பா," என்றார் ஃபாதர், அந்தோணியிடம்.

சிரித்துக்கொண்டே சொன்னார். தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்குத் தெரியாது.

பாத்திகளுக்கு நடுவே பாதை எவ்வளவு அகலம் இருக்கவேண்டும் என்பதில் ஆளுக்கு ஒரு கணக்கு. இடுப்பில் குடத்தோடு ஒருத்தி போகிற வழி போதும் என்றாள் எஸ்தர். எரு கொண்டுவருகிற தள்ளுவண்டி போகவேண்டாமா என்றார் ஃபாதர். அந்தோணி தேர்க் கொட்டகையைப் பெருக்கப் போனான். திடீரென்று அவனுக்குப் பக்தி வந்துவிட்டதாக, கோயில் வேலைகளைக் கவனிக்கிற உபதேசியார் சந்தோஷப்பட்டார். அவர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டுத் தேருக்குக் குறுக்கும் நெடுக்கும் டேப் பிடித்தான். இரண்டு பக்கமும் ஆள் நடக்க இடம், வடம் இழுக்கிறவர்கள் கால் வைக்க இடம், பின்னால் ஜெனரேட்டர் வண்டி. எல்லாம் சேர்த்து ஓர் அகலம் வந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பெரிய தெருவுக்குப் போய்விடும். போனால் திருவிழாவுக்குள் அங்கே யாருக்காவது கண் கலங்கிவிடும்.

திருப்பம்தான் சிக்கல். கோயில் பின்வாசலிலிருந்து நேராக வருகிற பாதை, தெருவுக்குள் நுழைய ஓரிடத்தில் வளையவேண்டும். தேர் எப்படி வளையும்? அந்தச் சமயத்தில் சின்னக் காஞ்சிபுரத்தில் ஒரு வீட்டு வாசலுக்குக் கல் பதிக்கிற வேலை. வந்தது பெருமாள் கோயில் தேர்த் திருவிழா. விடியற்காலையிலேயே போய்த் தெருமுனையில் நின்றுகொண்டான். ஜனம் முழுக்கப் பெருமாளைச் சேவித்தது, அந்தோணி திருப்பத்தைச் சேவித்தான். உள்பக்கத்து ஆள் எங்கே நிற்கிறான், வெளிப்பக்கத்து ஆள் எவ்வளவு ஓடுகிறான் என்று அவன் கண் கீழேயே இருந்தது. பக்கத்தில் நின்ற பெரியவர் இரக்கப்பட்டு, "முன்னாடி வாங்கோ, நன்னா சேவிங்கோ," என்று இடம் விட்டார். "பரவால்ல சாமி, இங்கருந்தாதான் நல்லாத் தெரியுது," என்றான் அந்தோணி. அவர் இவனை மகா ஞானி என்று நினைத்திருக்கக்கூடும்.

மறுநாள் கயிறு கட்டிச் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டான். பாத்தி பார்க்க ஆசையாக வந்த பெண்களுக்குப் பாதைதான் தெரிந்தது. பாத்தி அதன் இரண்டு ஓரத்திலும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இன்னாடா இது, சேலையில உடம்ப வுட்டுட்டு பார்டர மட்டும் நெய்ஞ்சு வெச்ச மாதிரி இருக்குது?" என்றாள் மரியம்மாள்.

"பஸ்ஸு வுடப் போறாங்களாடா அந்தோணி? நம்ம தெரு ஸ்டாப்பிங்கு எங்க வருது?" என்று இன்னொருத்தி கேட்டாள்.

ஃபாதர்கூடத் தாடையைச் சொறிந்துகொண்டு, "கொஞ்சம் அகலமோ?" என்றார்.

"தள்ளுவண்டி திரும்பணும் ஃபாதர்," என்றான் அந்தோணி. எந்த ஊரிலும் அவ்வளவு பெரிய தள்ளுவண்டி கிடையாது. ஆனால் ஃபாதர் படித்தது இறையியல், தள்ளுவண்டியைப் பற்றி அவருக்கு உறுதியாக எதுவும் சொல்லத் தெரியவில்லை.

வேலையை மட்டும் குறை சொல்ல முடியாது. மேல்மண்ணை வழித்துப் பாத்திகளில் போட்டான். பள்ளத்தில் ரைஸ் மில் சாம்பலும் சரளையும் கொட்டித் தண்ணீர் விட்டுக் குத்தினான். அதன்மேல் கல் உடைக்கிற கிரஷரின் தூள், அதன்மேல் கல். நடுப்பாதையைக் கொஞ்சம் மேடாக்கினான். மழைத் தண்ணீர் பாதையில் நிற்காமல் இரண்டு பக்கமும் வழிந்து பாத்திக்குப் போகும். கல் எல்லாம் அவன் வேலை செய்த இடங்களில் கேட்டு வாங்கிய மிச்சம். பட்டுக்கடைச் சிவப்பு கொஞ்ச தூரம், மண்டபத்துச் சாம்பல் கொஞ்ச தூரம், நடுநடுவே யாரோ வேண்டாம் என்று ஒதுக்கிய மஞ்சள். அவ்வளவு பலமான பாதை அந்த வட்டாரத்தில் நெடுஞ்சாலைக்குக்கூட இல்லை. அதில் நடந்து போய்ப் பறிக்கவேண்டியது இரண்டு பிடி கீரை.

பெண்கள் பாதை முடியும்வரை காத்திருக்கவில்லை. ஒரு மழை விழுந்ததும் விதைத்துவிட்டார்கள். அந்தோணி கல்லைப் பாவிக்கொண்டே திருப்பத்துக்கு வந்து சேர்ந்தபோது எஸ்தரின் மிளகாய்ச் செடிகள் பூவும் பிஞ்சுமாக நின்றன. திருப்பத்தின் உள்முனையில் இருந்தது அவள் பாத்திதான். அந்த முனையை வளைத்துச் சீவாவிட்டால் தேர் திரும்பாது. அவன் மண்வெட்டியை எடுத்தான்.

எஸ்தர் ஓடிவந்தாள். "யோவ், கை வெச்சே, அப்புறம் நான் மனுசியா இருக்கமாட்டேன். ஊருல இருக்கிற மண்ணையெல்லாம் மூடிட்டே, என் ஒரு பாத்திதான் உன் கண்ண உறுத்துதா?"

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, தணிந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னான். டேப் பிடித்தது, தெருமுனையில் நின்றது, எவ்வளவு அகலம், எவ்வளவு வளைவு. "இனிமே குறுகல்னு சொல்ல முடியாது எஸ்தரு. தேரு சந்துப் பக்கமே போகாம, கோயில் பின்வாசல் வழியா நேரா நம்ம தெருவுக்குள்ள வரும், பாரேன்."

எஸ்தர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சந்து குறுகல்னு அவங்க சொன்னத நீ மெய்யின்னு நம்பிக்கினியா?"

"அப்ப மெய்யி இல்லியா?"

அவளுக்குக் கோபம் போய்விட்டது. இந்த மனுஷனோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்திவிட்டோமே என்று பாவமாக இருந்தது. முனையில் இருந்த செடிகளை அவளே மண்ணோடு அகழ்ந்து உள்ளே தள்ளி நட்டாள். மீதி இருந்த இடத்தில் அரைக்கீரையை நெருக்கி விதைத்தாள். "நீ கல்ல போடு," என்றாள்.

திருவிழா நெருங்கியது. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கமிட்டி கூடியபோது அந்தோணி எழுந்து நின்றான். தேர் வருவதற்கு வழி இருக்கிறது, வந்து பார்க்கவேண்டும் என்றான். ஃபாதர், "பார்க்கலாமே," என்றார். எதற்கும் அவர் சொல்கிற வார்த்தை அது. ஆனால் சொல்லிவிட்டால் இன்னாசிமுத்து பார்த்துத்தானே ஆகவேண்டும்.

அன்று சாயங்காலமே வந்தார்கள். முன்னால் இன்னாசிமுத்து, பின்னால் ஃபாதர், டேப்போடு அந்தோணி. கீழண்டைத் தெரு முழுக்கத் திரண்டு வந்து பாதையோரம் நின்றது. பஸ் ஸ்டாப்பிங் எங்கே என்று கேட்டவளும் நின்றாள். எஸ்தர் தன் பாத்தியருகே கையைக் கட்டிக்கொண்டிருந்தாள். அரைக்கீரை முழங்கால் உயரத்துக்குத் தளதளவென்று நின்றது. மிளகாய் சிவக்கத் தொடங்கியிருந்தது.

இன்னாசிமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார். காலால் கல்லை அழுத்திப் பார்த்தார். டேப்பைத் தானே வாங்கி அகலம் பிடித்தார். திருப்பத்தில் நின்று கையை நீட்டி, தேர் வளைவதுபோல வளைந்து பார்த்தார். "போகும். தாராளமா போகும்," என்றார். "எங்க தெருவுலகூட இவ்வளோ சுத்தமா பாதை இல்ல. நல்ல வேலைக்காரன்பா நீ."

அந்தோணிக்கு முகமெல்லாம் பல். எஸ்தரைத் திரும்பிப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை.

"ஆனா ஒண்ணு," என்றார் இன்னாசிமுத்து. கண் கலங்க ஆரம்பித்துவிட்டது. "தேர் போகும், பின்னாடி வர்ற ஜனம்? ஆயிரம் காலு. இந்தப் பயிரையெல்லாம் மிதிச்சு நாசம் பண்ணிடுமே. பாவம், ஏழை ஜனங்க வயித்தக் கட்டி வாயக் கட்டி வெச்ச கீரை. அத மிதிச்சுக்கினு போனா மாதா ஏத்துப்பாங்களா? எனக்கு மனசு கேக்கல ஃபாதர். அவங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

ஃபாதர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அந்தோணி பாதையைப் பார்த்தான், பாத்தியைப் பார்த்தான், டேப்பை இழுத்தான். "இன்னும் ரெண்டடி அகலப்படுத்திடட்டுமா ஐயா?" என்று கேட்டான். சத்தியமாகக் கேட்டான். அவனுக்கு அதுவும் ஓர் அளவுதான்.

அதைக் கேட்டதும் எஸ்தர் பாத்திக்குள் இறங்கினாள். குனிந்து கீரையைக் கொத்தாகப் பிடித்து வேரோடு இழுத்தாள். மண்ணை உதறி, கட்டாகச் சேர்த்து, இன்னாசிமுத்துவின் கையில் கொடுத்தாள்.

"இந்தாங்கய்யா, வூட்டுக்கு எடுத்துக்கினு போங்க. கீரை கடையச் சொல்லுங்க."

அவர் வாங்கிக்கொண்டார். யாராவது எதையாவது நீட்டினால் வாங்கிக்கொள்வது அவர் பழக்கம். "ஏம்மா, எதுக்குமா இது?" என்று கேட்பதற்குள் இரண்டாவது கட்டு வந்தது. மூன்றாவதும் வந்தது. மரியம்மாள் தன் பாத்தியில் இறங்கிக் கத்தரிச் செடியைப் பிடுங்கினாள். அதற்கப்புறம் தெருவே இறங்கிவிட்டது. வெண்டை, கொத்தவரை, காய்த்தது, காய்க்காதது எல்லாம் வேரோடு வெளியே வந்தன. இன்னாசிமுத்து மோவாய் வரைக்கும் கீரையை அணைத்துக்கொண்டு நின்றார். வேர் மண் அவர் வெள்ளைச் சட்டையில் உதிர்ந்தது.

எஸ்தர் நிமிர்ந்தாள். மூச்சு வாங்கியது. கண்ணில் நீர் நின்றது, அதை அவள் துடைக்கவில்லை.

"அடுத்த காரணத்தையும் இப்பவே சொல்லிடுங்கய்யா," என்றாள். "திருவிழாவுக்கு இன்னும் நாளு இருக்குது. அதையும் சேத்துப் புடுங்கிடுறோம்."

இன்னாசிமுத்து வாயைத் திறந்தார். அதற்குமுன் ஃபாதர் பேசிவிட்டார். வந்த நாளிலிருந்து அவர் குரல் அவ்வளவு உறுதியாக ஒலித்து யாரும் கேட்டதில்லை.

"தேர் இந்த வழியா வரும்மா. நான் சொல்றேன். போதும், அந்த மிளகாயையாவது வுட்டு வைங்க."

"வரட்டும் ஃபாதர். வந்தப்புறம் நட்டுக்கறோம்," என்று சொல்லிவிட்டு, எஸ்தர் மிளகாய்ச் செடிக்குக் குனிந்தாள்.