பெருநாள் கேக்கில் பெயின்ற் மணம்

என் பழைய காரின் எஞ்சினைக் கழற்றாமல், வரிவரியாய் எழும்பிய அதன் அலுமினிய மேல்மூடியை மட்டும் கழற்றிக் கறுப்புப் பெயின்ற் அடித்தேன். முற்றத்தில் காயவைத்தபோது கடற்காற்று மணலை அள்ளி ஒட்டிவிட்டது. மறுபடி உரசிக்கொண்டிருந்த என்னிடம் மனைவி, "அடிச்சிட்டுக் கொண்டாங்க, கேக் சுடுற போறணைக்குள்ள வெச்சுச் சுடுவம்" என்றாள். பெயின்ற் கல்லாய் இறுகியது; மூடியைத் திரும்ப எஞ்சினில் பூட்டினேன்.

அதே போறணையில்தான் பெருநாள் கேக்கும் சுட்டாள். நோன்பென்பதால் யாரும் ருசி பார்க்கவில்லை.

பெருநாளன்று அவளுடைய அண்ணன், அவள் காக்கா என்றழைப்பவர், ஒரு துண்டைக் கடித்துவிட்டு, "என்ன தங்கச்சி, பெயின்ற் மணக்குது?" என்றார். தெருவே புகழும் கேக் அவளுடையது.

அவள் அவரைக் கூட்டிப்போய்க் காரின் பொனட்டைத் திறந்தாள். "கேக் போனாப் போகட்டும் காக்கா. இதப் பாருங்க, என்ன வடிவா வெந்திருக்கு."

என் கார் எங்கள் காரானது அன்றைக்குத்தான். என் பங்குக் கேக்கை மிச்சம் வைக்காமல் தின்றேன்.